மறுத்தலும் வெறுத்தலும்



கிறிஸ்தவ நம்பிக்கையில் தன்முனைப்பும் தன்மறுப்பும் என்ற பொருளில் கூடியிருக்கும் இந்தக் கருத்தரங்குக்குத் தலைமையேற்கும் பொறுப்பை எனக்கு அளித்திருக்கிறீர்கள். மனமார்ந்த நன்றி. கட்டுரைகள் பல வாசிக்கப்படவுள்ளன. ஆகவே ஒரே ஒரு சொல்லைப் பற்றி மட்டும் பேசி அமர்கிறேன்.

தம்மைப் பின்பற்ற விரும்புகிறவர் சிலுவையை எடுக்குமுன் என்ன செய்ய வேண்டும் என்று இயேசு சொல்வதை மாற்கு 8ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். சீர்திருத்தச் சபைகளில் தலைமுறைகளாகப் புழங்கும் பழைய வேதாகமம் அங்கே 'வெறுத்து' என்கிறது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் 'துறந்து' என்கிறது. மூலத்திலுள்ள கிரேக்க வினை 'அபர்னெயோமாய்'. மறுதலித்தல் என்பதே அதன் நேர்ப்பொருள்.

அதே வினை 14ஆம் அதிகாரத்தில் பேதுருவைக் குறித்து மீண்டும் வருகிறது. பிரதான ஆசாரியனின் முற்றத்தில் நெருப்பருகே குளிர்காய்ந்துகொண்டிருக்கிறார் பேதுரு. ஒரு வேலைக்காரப் பெண் அவரை உற்றுப் பார்த்து, நீயும் இயேசுவோடு இருந்தவன்தானே என்கிறாள். தமக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை என்று பேதுரு கைவிரிக்கிறார். அவர் இயேசுவை வெறுத்தாரா? வெறுத்தவர் சேவல் கூவியதும் அப்படி அழுதிருக்க மாட்டார். தம்மைக் காத்துக்கொள்ள இயேசுவை மறுத்தார், அவ்வளவுதான். சீடரிடம் கேட்கப்படுவது அதற்கு நேர்மாறானது. உள்ளே உட்கார்ந்துகொண்டு தான் வைத்ததே சட்டம் என்று அதிகாரம் செய்யும் 'நான்' என்பவனிடம், உன் பேச்சு இங்கே இனிச் செல்லாது என்று சொல்ல வேண்டும். அதுவே தன்மறுப்பு.

லூக்கா 14ஆம் அதிகாரத்தில் வெறுத்தல் என்ற சொல்லே மூலத்தில் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. ஆனால் அங்கே தாய் தகப்பனும் மனைவி மக்களும் அதே பட்டியலில் வருகிறார்கள். முதலிடம் யாருக்கு என்பதை அழுத்திச் சொல்லும் எபிரெயப் பேச்சு வழக்கு அது. பெற்ற தாயை வெறுக்கச் சொல்லி நம்மில் எவரும் பிரசங்கம் செய்வதில்லை. தன்னை வெறுக்கும்படி மட்டும் ஏன் பிரசங்கிக்கிறோம்? தன்மேல் வைக்கும் அன்பையே பிறன்மேல் வைக்கும் அன்புக்கு அளவாகக் கொடுத்த கட்டளையை, தன்னை வெறுக்கிறவர் எதைக் கொண்டு நிறைவேற்றுவார்?

பவுல் தன்மறுப்பைப் பிலிப்பியருக்கு வேறு விதத்தில் சொன்னார். பிலிப்பி ஒரு ரோமக் குடியேற்ற நகரம். ஓய்வுபெற்ற படைவீரர்கள் நிலம் பெற்று அமர்ந்த ஊர். வகித்த பதவிகளைக் கல்லில் பொறித்து வைத்துப் பெருமைப்பட்ட சமூகம் அது. அங்கே இருந்த சிறு சபைக்குச் சிறையிலிருந்து எழுதியபோது, கிறிஸ்து தம்மை வெறுமையாக்கிக்கொண்டு அடிமையின் வடிவெடுத்தார் என்றார் பவுல். எவரும் அவரிடமிருந்து பறித்துக்கொள்ளவில்லை. நிறைவாய் இருந்தவர் தாமே விட்டுக்கொடுத்தார். இறங்கி வருவதற்கு அவருக்கு ஓர் உயரம் இருந்தது.

இருப்பவரே விட்டுக்கொடுக்க முடியும் என்பது எனக்கு முதலில் புரிந்தது இறையியல் நூல்களில் அல்ல, எங்கள் வீட்டு அடுப்பங்கரையில். அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் செம்பு இருக்கும். அரிசி களையுமுன் அம்மா ஒரு பிடி அள்ளி அதில் போடுவார். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும். அங்கே காணிக்கைப் பெட்டியில் கொட்டிய பிறகு எது யார் வீட்டு அரிசி என்று அம்மாவுக்கே தெரியாது. ஆனால் அதே கோயிலில் தலைக்கு மேலே மின்விசிறி நிற்கும்போதெல்லாம் இறக்கையில் உபயதாரர் பெயர் சிவப்பு எழுத்தில் தெரியும். பானை வற்றிப்போன மாதங்களும் எங்களுக்கு உண்டு. அப்போது செம்பும் காலியாகவே இருந்தது. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. பானையில் இருந்தால்தானே பிடியரிசி.

கேட்காமல் இருந்த அந்த மரியாதையைத் திருச்சபை எல்லாரிடமும் காட்டியதில்லை. வடக்கன்குளம் தேவாலயத்துக்குள் சாதிகளைப் பிரித்து நின்ற சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. சுவரின் இரு பக்கத்தாரும் தாழ்மையைப் பற்றி ஒரே பிரசங்கத்தைத்தான் கேட்டிருப்பார்கள். ஒரு பக்கத்தாருக்கு அது வேண்டிய கண்டிப்பு. மறுபக்கத்தாருக்கோ, பறிகொடுத்ததை இன்னொரு முறையும் கொடு என்ற கட்டளை. அமெரிக்க இறையியலாளர் வேலரி செய்விங் 1960இல் எழுதிய கட்டுரையில் பெண்களைக் குறித்து இதையே சுட்டிக்காட்டினார். அகந்தையே பெரும்பாவம் என்று வகுத்த இறையியல், ஆணின் அனுபவத்தை மனிதர் அனைவரின் அனுபவமாக எண்ணிக்கொண்டது என்றார். பெண்ணுக்கு நேரும் ஆபத்து, தனக்கென்று ஒரு 'தான்' இல்லாமல் பிறருக்குள் கரைந்துபோவது. அடித்துத் துன்புறுத்தும் கணவனைப் பொறுத்துக்கொள்வதே உன் சிலுவை என்று ஒரு பெண்ணிடம் சொல்லி அனுப்பும்போது, நாம் சுவிசேஷத்தைச் சொல்லவில்லை. அநியாயத்துக்குத் துணைபோகிறோம்.

அதற்காகத் தன்மறுப்பை நாம் கைவிடக் கூடாது. பதவியைப் பிடித்துக்கொண்டு விட மறுப்பவர்களும், சபைத் தேர்தலில் வெல்ல வழக்கு மன்றம் வரை போகிறவர்களும், மேடையில் ஒலிவாங்கியை விட மனமில்லாத நம்மைப் போன்றவர்களும் அதைக் கேட்டே ஆக வேண்டும். நிறைந்த பானைகள் நம்மிடம்தான் இருக்கின்றன.

கட்டுரை வாசிக்கும் ஒவ்வொருவரிடமும் ஒரு வேண்டுகோள். தன்மறுப்பு என்று எழுதும் இடத்திலெல்லாம், அதை யார் யாரிடம் கேட்கிறார் என்பதையும் எழுதுங்கள். பானையில் அரிசி இருக்கிறதா என்று பார்த்த பிறகு பிடியரிசி கேளுங்கள். இல்லாத வீட்டுக்கு நம் பானையிலிருந்து முதல் பிடி போகட்டும்.

இக்கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.