வயலில் இறங்கிய காமிரா

தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய இரவுகள் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். திரையில் மாளிகையும் மோட்டார் காரும். பாய் விரித்து உட்கார்ந்திருந்தவர்களோ விடியுமுன் பிரட்டுக்கு நிற்க வேண்டியவர்கள். பாட்டாளியின் வேலைக்காட்டையே படத்தின் களமாக்கினால் எப்படி இருக்கும்?

இரண்டாம் உலகப் போர் 1945இல் முடிந்த கையோடு இத்தாலிய இயக்குநர்கள் சிலர் அப்படித்தான் செய்தார்கள். படப்பிடிப்பு அரங்கத்தை விட்டுத் தெருவுக்கு வந்தார்கள். 1948இல் வந்த 'சைக்கிள் திருடர்கள்' படத்தின் கதாநாயகனாக நடித்தவர் உண்மையிலேயே ஓர் ஆலைத் தொழிலாளி. நாம் இன்று பேச எடுத்துக்கொண்டது, அதற்கு அடுத்த ஆண்டில் ஜூசெப்பே தெ சாந்திஸ் இயக்கிய 'ரிசோ அமாரோ' என்னும் படம். 'அமாரோ' என்றால் கசப்பு. 'ரிசோ' என்பதற்கு அரிசி என்றும் பொருள், சிரிப்பு என்றும் பொருள்.

படம் ஒரு வானொலி அறிவிப்பாளரின் பேச்சோடு தொடங்குகிறது. இடம் வட இத்தாலி, வெர்செல்லிப் பக்கத்து நெல்வயல்கள். நாற்று நடவும் களை பறிக்கவும் பல ஊர்ப் பெண்கள் ரயிலேறி வருகிறார்கள். நாற்பது நாள் வேலை. நீண்ட கொட்டகையில் வரிசையாகப் படுக்கை. ஒப்பந்தச் சீட்டு உள்ளவர்களும் இல்லாதவர்களும் வயலிலேயே மோதிக்கொள்கிறார்கள். வேலை நேரத்தில் பேசக் கூடாது, பாடலாம். ஆகவே சொல்ல வேண்டியதையெல்லாம் பாட்டாகவே பாடி விடுகிறார்கள்! கங்காணிக்குத் தெரியாமல் நிரைக்கு நிரை சேதி அனுப்பியவர்களுக்கு இது புரியாமலா போகும்?

இனிச் சற்றுக் கூச்சமான பகுதி. பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து கேட்கும் நேரம்தான். ஆனாலும் இதை விட்டால் பாதிப் படத்தை விட்டவர்களாவோம். சில்வானா என்ற பெண்ணாக நடித்த சில்வானா மங்கானோவுக்கு அப்போது வயது பதினெட்டு. 1946இல் ரோம் நகர அழகியாகத் தேர்வு பெற்றவர். முழங்காலுக்கு மேல் ஏறிய உடையில் அவர் தண்ணீரில் நிற்கும் காட்சிதான் உலகமெங்கும் படத்துக்குக் கூட்டம் சேர்த்தது. இயக்குநர் கம்யூனிஸ்டுக் கட்சிக்காரர். ஆனால் இடதுசாரிகளே அவரைக் கடிந்துகொண்டார்கள். தொழிலாளியின் துன்பத்தைத் தொடை மறைத்துவிட்டது என்றார்கள்.

நாம் என்ன சொல்வோம்? தண்ணீரில் நடுபவள் உடையைத் தூக்கிச் செருகத்தான் வேண்டும். நம் பெண்களும் கைலியை ஏற்றிக் கட்டித்தானே பால்மரத்துக்குப் போனார்கள்? உடையில் குறையில்லை. கை நாற்றில் இருக்கையில் காமிரா காலில் நின்றுவிடுகிறதே, குறை அங்கேதான்.

ஆனால் சில்வானாவின் ஆசையைப் படம் மறைக்கவில்லை. அவள் படக்கதைப் பத்திரிகை படிக்கிறாள், அமெரிக்க இசைக்கு ஆடுகிறாள், ஓர் அட்டிகைக்கு ஏங்குகிறாள். உழைக்கும் பெண்ணுக்கு ஆசையே கிடையாது என்று காட்டியிருந்தால் அதுவல்லவா பொய்? வால்டர் என்ற திருடன் அவளைப் பலவந்தப்படுத்துகிறான். பிறகு அந்த அட்டிகையைக் கொடுத்து அவளைத் தன் பக்கம் இழுக்கிறான். அவன் நெல்லைத் திருட வழியாகட்டும் என்று, அவளே மதகைத் திறந்து சக தொழிலாளிகளின் வயலை மூழ்கடிக்கிறாள். அட்டிகையோ போலி. அதை அறிந்ததும் அவனைச் சுட்டுவிட்டு, உயரத்திலிருந்து குதித்து மாய்கிறாள்.

கூலியின் ஒரு பகுதி அங்கே அரிசி. ஊர் திரும்பப் புறப்பட்ட பெண்கள் தத்தம் மூட்டையிலிருந்து ஒரு பிடி எடுக்கிறார்கள். அவளால் நட்டப்பட்டவர்கள்தாம் அவர்கள். ஒருவர் பின் ஒருவராக வந்து, அவள் உடல்மேல் அந்த அரிசியைப் போட்டுவிட்டுப் போகிறார்கள்.