பின்னிஷ் மொழியில் ஒரு சொல்



நான் ஆசிரியனாய் இருந்த காலத்தில் ஒரு மாணவன், "வரலாறும் அறிவியலா, ஐயா?" என்று வினவினான். "ஆய்வுக்கூடம் இல்லாத பாடம் அறிவியல் ஆகாது" என்று சற்றும் தயங்காது விடை பகர்ந்தேன். வரலாற்றை விரும்பிப் படித்தவன் அவன். முகம் வாடி அமர்ந்தான். பல ஆண்டுகளுக்குப் பின் பின்லாந்து நாட்டுச் சொல் ஒன்று என் விடையை எனக்கே ஐயமாக்கிற்று.

அச்சொல் 'தியெதெ' என்பது. (பிறமொழி ஒலிப்பில் என் நா தடுமாறினால் பொறுத்தருள்க.) 'தியெ' என்றால் அம்மொழியில் பாதை. அதிலிருந்து 'தியெதா', அறிதல், பிறந்தது என்பர் சொல்லாராய்ச்சியாளர். வழி தெரிந்தவனே அறிந்தவன் போலும்! அறிந்த செய்தி 'தியெதோ'. நண்பன் வீட்டுத் தொலைபேசி எண் உங்களுக்குத் தெரியுமாயின் அது தியெதோ, தியெதெ ஆகாது. வினா எழுப்பி, சான்று தேடி, முடிவைப் பிறரும் சோதித்துப் பார்க்கும் வண்ணம் முன்வைக்கும் முறையான அறிவுக்கே தியெதெ என்று பெயர்.

இது பழஞ்சொல் அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்நாட்டில் கல்விமொழி சுவீடிஷ். பின்னிஷ் பெரும்பாலும் உழவர் வீட்டு மொழி. அதனை உயர்கல்விக்கு ஏற்றதாக்கச் சொற்கள் வேண்டியிருந்தன. அவற்றுள் சிலவற்றை ஆக்கித் தந்தவர் வோல்மர் ஷில்ட் என்னும் மருத்துவர். தியெதெயும், கலையைக் குறிக்கும் 'தைதெ'யும் அவர் படைப்புகளே. அவர் வாழ்ந்த யூவாஸ்குலா நகரில்தான் 1858-இல் முதல் பின்னிஷ் வழி உயர்நிலைப் பள்ளியும், 1863-இல் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியும் தோன்றின. சொல் படைத்தவர் பள்ளிகளுக்காகவும் உழைத்தார் என்பது ஆசிரியனாகிய எனக்கு மிக உவப்பானது.

இனிப் பயன்பாட்டைப் பாருங்கள். பௌதிகமும் இரசாயனமும் மட்டுமே தியெதெ அல்ல. அவற்றைத் தனியே சுட்ட வேண்டின் 'இயற்கை' என்னும் சொல்லை முன்னே சேர்க்கின்றனர். மொழி ஆராய்ச்சி 'கியெலிதியெதெ'. வரலாற்று ஆராய்ச்சி 'ஹிஸ்தோரியாதியெதெ'. ஆங்கிலம் 'சயின்ஸ்' என்று சொல்லும்போது பெரும்பாலும் இயற்கை நூல்களையே கருதுகிறது. நாமும் அவ்வழக்கையே மேற்கொண்டோம். ஜெர்மானியரின் 'விஸ்ஸன்ஷாஃப்ட்' பின்னிஷைப் போலவே அகன்ற பொருளுடையது. ஆகவே எது அறிவியல் என்னும் எல்லையை ஆய்வுக்கூடம் மட்டும் வகுக்கவில்லை. நாம் பேசும் மொழியும் வகுக்கிறது. இதை அறியாமல்தான் அன்று அவ்வளவு உறுதியாகப் பேசினேன்.

நான் பயிற்சிக் கல்லூரியில் பயின்ற கல்வியியலும் அங்கே 'கஸ்வதுஸ்தியெதெ' என்றே வழங்குகிறது. அந்த மாணவனிடம் இதைச் சொல்லும் வாய்ப்பு எனக்குக் கிட்டவில்லை.