சேர்ந்த பையன் தேறி வரவேண்டும்

பூம்புகாருக்குப் பக்கத்தில் மேலையூரில், அறநிலையத் துறை நடத்தும் பூம்புகார் கல்லூரி 1964-இல் தொடங்கியது. மீனவக் குப்பங்களிலிருந்தும் வயல்வேலை பார்க்கும் தெருக்களிலிருந்தும் பையன்கள் அங்கே படிக்க வருகிறார்கள். வீட்டிலேயே முதலில் கல்லூரிப் படி ஏறுகிறவன் நான்தான் என்று சொல்லும் பிள்ளைகள் அவர்களில் உண்டு.

சேர்வதற்கு இன்று உதவி இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்து வந்த பையன்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது. பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் அது பெரிய ஒத்தாசை. என் கவலை அதற்குப் பிறகு நடப்பதைப் பற்றியது.

முதல் செமஸ்டரில் பையனுக்கு ஆங்கிலத்தில் ஒரு அரியர் விழுகிறது. அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போக, படகில் ஆள் குறைகிறது, இவன் போகிறான். வருகைப்பதிவு குறைகிறது. துறைத்தலைவரைப் போய்ப் பார்க்கப் பயம். என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று சொல்லித்தர வீட்டில் ஆளில்லை. ஆம்பளைப் பிள்ளை அழக்கூடாது என்று நாமே வளர்த்தோம். அவன் யாரிடமும் வாய் திறப்பதில்லை. பிறகு ஒருநாள், சிங்கப்பூர் போக ஏஜென்டிடம் பணம் கட்டிவிட்டான் என்று காதில் விழுகிறது.

அமெரிக்காவில் கறுப்பின இளைஞர்களுக்கும் இதே கதை நடந்தது. மேரிலாந்தில், பால்டிமோர் கவுன்ட்டி பல்கலைக்கழகத்தில், ஃப்ரீமன் ரபோவ்ஸ்கி என்ற கணிதப் பேராசிரியர் மேயர்ஹாஃப் குடும்பத்தின் நன்கொடையோடு 1988-இல் ஒரு திட்டம் தொடங்கினார். முதலில் அது கறுப்பின ஆண்களுக்கானது. பிறகு எல்லோருக்கும் திறந்தது. வகுப்பு தொடங்குமுன்பே கோடையில் ஒன்றாகத் தங்கவைத்தார்கள். கூட்டாகப் படிக்க வைத்தார்கள். மதிப்பெண் சரிந்தால் உடனே கூப்பிட்டுப் பேசினார்கள். 2017 முதல் 2021 வரை அந்நாட்டு அரசின் தலைமை மருத்துவராக இருந்த ஜெரோம் ஆடம்ஸ் அங்கே உருவானவர்.

நம் பக்கத்திலும் முன்னோடி உண்டு. சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916-இல் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக நந்தனார் பள்ளியைத் தொடங்கினார்.

நம் கடற்கரைக்கு ஒரு வசதி இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். பிளஸ் டூ முடித்த பையன்களும் அப்போது வீட்டில்தான் இருப்பார்கள். அந்த நாட்களில் குப்பத்துச் சமுதாயக் கூடத்திலேயே, ஏற்கெனவே கல்லூரியில் படிக்கும் அண்ணன்களைப் புதிய பையன்களோடு உட்காரவைக்கலாம். இரண்டு தம்பிகளுக்கு ஓர் அண்ணன் என்று பொறுப்புக் கொடுக்கலாம். அப்பாமார்களும் வரவேண்டும். பையன் நான்கு நாள் வகுப்புக்குப் போகாவிட்டால் கல்லூரியில் யாரைப் போய்ப் பார்ப்பது என்று அவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.