வாயில்லா உயிருக்கும் வலி உண்டு

 

மட்டாஞ்சேரியில் குஜராத்தித் தெரு உங்கள் எல்லோருக்கும் தெரியும். அங்கே ஒரு சமணக் கோயில் இருக்கிறது. அது தர்மநாதர் கோயில். நண்பகல் நேரத்தில் அங்கே போய்ப் பாருங்கள். கூட்டம் கூட்டமாகப் புறாக்கள் வந்து இறங்கும். கோயிலுக்கு வந்தவர்கள் கைநிறையத் தானியம் வைத்து நிற்பார்கள். புறாக்கள் பயமில்லாமல் அவர்கள் கையில் உட்கார்ந்து தின்னும். தினமும் நடக்கும் காட்சி இது.

அதே மட்டாஞ்சேரியில் இன்னொரு காட்சியும் உண்டு. சைக்கிளின் கைப்பிடியில் கோழிகள் தொங்குகின்றன. கால்கள் கட்டப்பட்டிருக்கின்றன. தலை கீழே, கால் மேலே. வெயிலில் வாயைத் திறந்து மூச்சு வாங்குகின்றன. சைக்கிள் பள்ளத்தில் இறங்கும்போது தலை சக்கரத்தில் இடிக்கிறது. யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

புறாவும் பறவைதான். கோழியும் பறவைதான். இரண்டுக்கும் வலி ஒன்றுதான்.

இப்போது நீங்கள் ஒரு கேள்வி கேட்கலாம். “மனுசனுக்கே இங்கே வழியைக் காணோம். கோழிக்கும் மாட்டுக்கும் யார் கவலைப்படுவது?” நியாயமான கேள்விதான். இதற்கு மட்டாஞ்சேரியின் சரித்திரமே பதில் சொல்கிறது.

ஒரு காலத்தில் கொச்சித் துறைமுகத்தில் ‘சாப்பா’ என்ற முறை இருந்தது. சாப்பா என்பது உலோக வில்லை. அது கையில் கிடைத்தவனுக்கு அன்றைக்கு வேலை உண்டு. கிடைக்காதவன் வீட்டில் அடுப்பு எரியாது. மேஸ்திரி அந்த வில்லைகளைக் கூட்டத்தின் நடுவே விட்டெறிவார். தொழிலாளர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து பொறுக்குவார்கள். இந்த அவமானத்தை எதிர்த்துத் தொழிலாளர்கள் போராடினார்கள். 1953ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் மட்டாஞ்சேரியில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. தொழிலாளர்கள் உயிர் கொடுத்தார்கள்.

அவர்கள் கேட்டது என்ன? வேலையும் கூலியும் மட்டுமா? “எங்களுக்கும் வலி உண்டு, எங்களுக்கும் மானம் உண்டு” என்பதையும் சேர்த்துத்தான் கேட்டார்கள். அவர்களுக்கு வாய் இருந்தது. சங்கம் இருந்தது. கொடி பிடித்தார்கள், கோஷம் போட்டார்கள்.

மாட்டுக்குச் சங்கம் உண்டா? கோழி கோஷம் போடுமா? அதற்காக வேறு ஒருவர்தான் பேச வேண்டும்.

அப்படிப் பேசினார் ஒரு பெண்மணி. அவர் பெயர் ருக்மிணி தேவி அருண்டேல். 1904ஆம் ஆண்டு மதுரையில் பிறந்தவர். சதிர் என்ற நாட்டியத்தைக் கற்றுக்கொண்டார். அந்தக் காலத்தில் ‘நல்ல குடும்பத்துப் பெண்கள்’ அதை ஆடக் கூடாது என்பார்கள். ருக்மிணி தேவி பயப்படவில்லை. 1935ஆம் ஆண்டு மேடை ஏறி ஆடினார். அந்த நாட்டியத்தைத்தான் இன்று பரதநாட்டியம் என்கிறோம். 1936ஆம் ஆண்டு சென்னையில் கலாக்ஷேத்ரா என்ற கலைப்பள்ளியைத் தொடங்கினார்.

1952ஆம் ஆண்டு அவர் மாநிலங்களவை உறுப்பினர் ஆனார். நாட்டியக்காரர் ஆயிற்றே, கலையைப் பற்றிப் பேசுவார் என்றுதான் பலரும் நினைத்திருப்பார்கள். அவரோ மிருகங்களுக்காகவும் எழுந்து நின்றார். மிருகங்களைக் கொடுமை செய்வதைத் தடுக்க ஒரு மசோதா கொண்டுவந்தார். மட்டாஞ்சேரியில் தொழிலாளர் போராடிய அதே 1953ஆம் ஆண்டின் மசோதா அது.

அப்போது பிரதமர் ஜவஹர்லால் நேரு. “அரசே இதற்கு ஒரு சட்டம் கொண்டுவரும்” என்று அவர் உறுதி கொடுத்தார். அதை நம்பி ருக்மிணி தேவி தம் மசோதாவைத் திரும்பப் பெற்றார். 1960ஆம் ஆண்டு ‘பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம்’ வந்தது. 1962ஆம் ஆண்டு பிராணிகள் நல வாரியம் அமைந்தது. அதன் முதல் தலைவர் ருக்மிணி தேவிதான். 1986ஆம் ஆண்டு இறக்கும்வரை அந்தப் பணியை அவர் விடவில்லை. ஊருக்குச் சொன்னதைத் தம் வீட்டிலும் கடைப்பிடித்தார். கடைசிவரை சைவ உணவே உண்டார்.

அந்தச் சட்டம் என்ன சொல்கிறது? எளிதாகப் பார்ப்போம்.

மிருகத்தை அடித்து உதைத்து வதைப்பது குற்றம். தாங்க முடியாத பாரம் ஏற்றுவது குற்றம். புண்பட்ட, நோயுற்ற மிருகத்தை வேலை வாங்குவது குற்றம். வலி உண்டாகும்படி கட்டித் தூக்கிப் போவது குற்றம். வளர்க்கும் பிராணிக்குத் தீனியும் தண்ணீரும் கொடுக்காமல் இருப்பதும் குற்றம்தான்.

வண்டி இழுக்கும் மாட்டுக்கு 1965ஆம் ஆண்டு தனி விதிகள் வந்தன. ஒரு நாளைக்கு மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. 5 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டக் கூடாது. நடுவே ஓய்வு தர வேண்டும். வெப்பம் 37 டிகிரியைத் தாண்டினால் பகல் 12 மணி முதல் 3 மணி வரை வண்டியில் பூட்டவே கூடாது.

பாரம் தூக்குபவருக்குத் தெரியும் பாரத்தின் வலி. உச்சி வெயிலில் மூட்டை சுமந்த முதுகுக்கு இந்த விதியின் அர்த்தம் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆனால் ஒரு குறையும் உண்டு. இந்தச் சட்டப்படி முதல் முறை குற்றம் செய்தவருக்கு அபராதம் எவ்வளவு? 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை! 1960ஆம் ஆண்டில் அது பெரிய தொகை. அறுபது ஆண்டு கடந்தும் அந்தத் தொகை ஏறவில்லை. இன்றைக்கு ஒரு கிலோ கோழிக்கறிகூட அந்தக் காசுக்கு வராது. ஆகவே சட்டம் மட்டும் போதாது. மனமும் மாற வேண்டும்.

மனம் மாறினால் என்ன நடக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். திருச்சூர் மாவட்டத்தில் இரிஞ்ஞாடப்பிள்ளி கிருஷ்ணன் கோயில் இருக்கிறது. உயிருள்ள யானையை இனி விழாவுக்குக் கொண்டுவருவதில்லை என்று அந்தக் கோயிலார் முடிவு செய்தார்கள். 2023ஆம் ஆண்டு பிப்ரவரியில் அங்கே ஓர் இயந்திர யானை வந்தது. இரும்புச் சட்டம், மேலே ரப்பர் தோல், உள்ளே மோட்டார். அது தலையை ஆட்டும், காதை அசைக்கும், தும்பிக்கையைத் தூக்கும். சுவாமியை முதுகில் ஏற்றிக்கொள்ளும். விழா நடந்தது. மேளம் முழங்கியது. சங்கிலி கட்டிய காலும் இல்லை, அங்குசக் குத்தும் இல்லை. பக்தி குறையவில்லை.

இன்னொன்றும் கேளுங்கள். முகத்தில் பூசும் பவுடர், கிரீம் போன்றவற்றை முன்பெல்லாம் முயலின் கண்ணில் போட்டுச் சோதிப்பார்கள். கண் எரியுமா, புண்ணாகுமா என்று பார்ப்பார்கள். 2014ஆம் ஆண்டு இந்தியா அழகுப் பொருள்களுக்காகப் பிராணிகளைச் சோதிப்பதைத் தடை செய்தது.

இரக்கம் ஒரு மதத்துக்கு மட்டும் சொந்தம் அல்ல. தாகத்தால் தவித்த ஒரு நாய்க்கு, கிணற்றில் இறங்கிக் காலணியில் தண்ணீர் மொண்டு கொடுத்தார் ஒருவர். அவருடைய பாவத்தை இறைவன் மன்னித்தான் என்று நபிகள் நாயகம் சொன்னதாக இஸ்லாமியர் போற்றுகிறார்கள். வடலூரில் தருமசாலை அமைத்த வள்ளலார், எல்லா உயிருக்கும் இரங்குவதையே வழிபாடு என்றார்.

எல்லோரும் இறைச்சியை விட்டுவிட வேண்டுமா என்று கேட்பீர்கள். விடுகிறவர்கள் விடட்டும். அது அவரவர் மனம் எடுக்கும் முடிவு. உணவுக்காக அறுப்பதைச் சட்டமும் தடுக்கவில்லை. ஆனால் தேவையில்லாத வேதனை கூடாது என்கிறது. உண்பவரும் உண்ணாதவரும் இதை ஒப்புக்கொள்ளலாம்.

இன்றைக்கே செய்யக்கூடியவை சில. கோழி வாங்கினால் கூடையில் வைத்துக் கொண்டு வாருங்கள். தலைகீழாகத் தொங்கவிடும் கடைக்காரரிடம், “அண்ணே, கூடையில் வைத்துத் தாருங்கள்” என்று சொல்லுங்கள். நாலு பேர் சொன்னால் கடைக்காரர் மாறுவார். வெயில் காலத்தில் வாசலில் ஒரு சிரட்டைத் தண்ணீர் வையுங்கள். பூனைக்குட்டியின் வாலில் கயிறு கட்டும் பிள்ளையைக் கூப்பிட்டு, பக்கத்தில் உட்காரவைத்து, அதன் வலியைச் சொல்லுங்கள்.

இரக்கம் என்றால் கவனக்குறைவு அல்ல. நாய் கடித்தால் உடனே சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போடுங்கள். வளர்க்கும் நாய்க்கும் தவறாமல் தடுப்பூசி போடுங்கள். அது நாய்க்கும் நல்லது, பிள்ளைகளுக்கும் நல்லது.

தனக்கு வந்தால்தான் தெரியும் தலைவலியும் காய்ச்சலும் என்பார்கள். பசியும் பாரமும் அவமானமும் பட்டவர்கள் நீங்கள். ஆகவே உங்களுக்குச் சீக்கிரம் புரியும். நாளை மறுபடியும் அந்தச் சைக்கிள் தெருவில் வரும். அப்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். வாயில்லாத உயிருக்காக ஒரு வார்த்தை பேசுங்கள்.