அப்பத்தாளின் மாப்பானை

 

சின்னக்கானலில் எங்களை வளர்த்தவர் அப்பத்தா. தேயிலைக் கொழுந்து கிள்ளிய கையாலேயே கேழ்வரகுக் களி கிண்டுவார். 1956-இல் எங்கள் மலை கேரளத்தோடு சேர்ந்தது. கருவாடு என்னவோ போடிச் சந்தையிலிருந்தே வந்தது! அரிசி அரிய பொருள். (2023-இல் பிடிபட்ட அரிக்கொம்பன் யானையும் அங்கே ரேஷன் அரிசியைத்தானே தேடி வந்தது!)

தீபாவளிக்கு மட்டுமே இட்டிலி. அதுவும் எளிதன்று. ஏறத்தாழ 5,000 அடி உயரத்தில் தண்ணீர் 95 பாகையிலேயே கொதித்துவிடும். சாம்பாருக்குப் பருப்பு வேக நெடுநேரம் செல்லும். குளிரிலே மாவோ புளிக்காது. எனவே அப்பத்தா மாப்பானையைக் கம்பளியால் போர்த்தி, அடுப்பருகே வைத்து, தணல் அவியாமல் விடியுமட்டும் காத்திருப்பார். நாங்கள் விழிக்கும்போது மாவு பொங்கியிருக்கும். பூப்போன்ற இட்டிலியைப் போட்டியிட்டு உண்போம்.

வீட்டில் அவருக்கென்று இருந்தது அந்த ஒரு கம்பளிதான். அதனை அவர் மறைந்த பிறகு, பெட்டியைத் திறந்தபோதே உணர்ந்தோம். இச் சமவெளிக் காலனியில் மாவு ஓரிரவிலே பொங்கி வழிகிறது. அந்த இரவுகளில், "குளிரவில்லையா, அப்பத்தா?" என்று நாங்கள் ஒருவரும் கேட்டதில்லை.