வாவிக்கரையில் ஓய்வுக்காலம்

அரசாங்க உத்தியோகத்தருக்கு அறுபது வயது நிறைந்ததும் ஓய்வு கிடைக்கின்றது என்பது சேவை விதி. மட்டக்களப்பு வாவிக்கரையில் அவ்வாறு ஓய்வு பெற்ற ஒருவரைக் காலை ஏழு மணிக்குத் தேடிச் செல்லும் நேயர்கள் ஏமாற்றத்தோடு திரும்பவேண்டியிருக்கும். அவர் வீட்டில் இருக்கமாட்டார். வாவிக்கு அப்பாலுள்ள வயலுக்குப் போயிருப்பார். அன்றேல் வீச்சுவலைக்காரரின் தோணி வந்தடையும் வரை கரையிலே குடையை ஊன்றிக்கொண்டு நிற்பார். முப்பது முப்பத்தைந்து ஆண்டுகள் கோவைகளோடும் பதிவேடுகளோடும் வாழ்ந்தவர்கள், பென்சன் பெற்ற மறுவாரமே மண்வெட்டியைத் தேடிப் புறப்படுவது இப்பகுதியின் இயல்பு. பாதி ஓய்வு, பாதி வேளாண்மை என்று அதனைச் சொல்லலாம்.

இதற்கு இடத்தின் அமைப்பே காரணம். ஏறாவூர் அயலிலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் வாவி, நாட்டை இரு கரைகளாகப் பிரிக்கின்றது. ஞாயிறு எழும் பக்கம் எழுவான்கரை. படும் பக்கம் படுவான்கரை. கடலுக்கும் வாவிக்கும் இடையே ஒடுங்கிய மணற்பரப்பாகிய எழுவான்கரையில் வீடுகளும் பாடசாலைகளும் தென்னந்தோட்டங்களும் செறிந்துள்ளன. படுவான்கரையிலோ உன்னிச்சை, நவகிரி முதலிய குளங்களின் நீர் பாயும் வயல்கள், மாட்டுப்பட்டிகள், அவற்றுக்கு அப்பால் காடு. சோறு மேற்கிலிருந்து வரும். கறி கிழக்கிலிருந்து வரும். இரண்டும் ஒரே இலையில் கூடுவதற்கு இடையிலுள்ள நீரைக் கடக்கவேண்டும். 2014ஆம் ஆண்டில் மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை, அத்துறையில் ‘பாதை’ என்று மக்கள் வழங்கும் மிதவையே அந்தத் தொண்டினைச் செய்துவந்தது. நிலத்தில் அமைந்தால்தான் பாதை என்று பிறர் கருத, நீரில் மிதப்பதைப் பாதை என்று அழைத்தவர்கள் மட்டக்களப்பார்!

எழுவான்கரைக் கிராமமொன்றில் வாழும் தபாலதிபர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஓய்வு பெற்று ஆறு ஆண்டுகள் ஆகின்றன. படுவான்கரையில் இரண்டு ஏக்கர் வயல். ஆனால் அந்த வயல் அவருடையதன்று. மட்டக்களப்பு வழக்கப்படி வீடும் காணியும் பெரும்பாலும் தாய்வழியே பெண்மக்களுக்குச் சீதனமாகச் செல்லும். ஆடவர் மணமுடித்து மனைவியின் இல்லத்துக்கு வந்து சேர்வர். ஆகவே தபாலதிபர் உழுது பயிரிடுவது மனைவியின் காணியை. உறுதி அம்மையாரின் பெட்டகத்திலே இருக்கின்றது. பெட்டகத்தின் திறப்பு அம்மையாரின் இடுப்பிலே இருக்கின்றது. இந்தச் செய்தியை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். பின்னர் அது தேவைப்படும்.

அவருடைய ஆண்டு தை முதல் நாளில் தொடங்குவதில்லை. மாசி அறுவடையோடுதான் தொடங்குகின்றது. முற்காலத்தில் எருமைகளைப் பிணைத்துச் சூடு மிதித்தார்கள். களவெட்டியில் வழக்கமான சொற்களைச் சொல்லமாட்டார்கள். நெல்லைக் கண்ணூறு தாக்கும், பூதங்கள் கவரும் என்று அஞ்சி, அதற்கெனத் தனிச் சொற்களை வைத்திருந்தார்கள். இப்பொழுது இயந்திரம் ஒரு முற்பகலில் அறுத்து, அடித்து, மூட்டையாக்கித் தந்துவிடுகின்றது. வேலை இலேசாயிற்று; அந்தச் சொற்கள் முதியோர் நாவில் மட்டும் எஞ்சியுள்ளன. எனினும் புதிர் எடுப்பது மாறவில்லை. புதுநெல்லின் முதற்பங்கு பிள்ளையாருக்குப் போகின்றது. புது அரிசி உலையில் குழையும். கறிக்குச் சோறாக அது பொருந்தாது. ஆனால் தேங்காய்ப்பால் விட்டுப் பாற்சோறு ஆக்குவதற்கு அதற்கு நிகர் வேறில்லை. சிவப்பரிசிப் பாற்சோற்றை வாழையிலையில் கொட்டித் துண்டமாக வெட்டி அயல்வீடுகளுக்கு அனுப்பிய பின்னரே தபாலதிபர் வீட்டில் உண்பார்கள்.

பங்குனி, சித்திரையில் மரமுந்திரிகை பழுக்கின்றது. பழத்தை உப்புத் தொட்டுத் தின்றாலும் தொண்டை கரகரக்கும். சாறு வேட்டியில் பட்டால் கறை போகாது. கொட்டையைச் சுடும்போது எண்ணெய் சீறி முகத்தில் தெறிக்கும். இத்தனை தொல்லையையும் பொறுப்பது உள்ளேயிருக்கும் பருப்புக்காக. முற்றாத பச்சைப் பருப்பைப் பால்விட்டுக் கறியாக்கும் வாய்ப்பு ஆண்டில் சில வாரங்களுக்கே உண்டு. வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில்களின் கதவுகள் திறக்கும். குளிர்த்திப் பாடல் கேட்கும். அதன் பின் மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசத் தொடங்குகின்றது. வாவி வற்றும், கரைச் சேறு வெடிக்கும், மனிதரின் பொறுமையும் சற்றே வெடிக்கும். அந்த வெக்கையிலேதான் காட்டில் பாலையும் வீரையும் பழுக்கின்றன. பாலைப்பழத்தின் பால் உதட்டை ஒட்டவைக்கும். தேங்காயெண்ணெய் பூசித்தான் பிரிக்கவேண்டும். ஆடியமாவாசையன்று அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் தீர்த்தத்துக்குச் செல்வோர் திரும்பும்போது கையில் வறுத்த கச்சான் பொட்டலம் இருக்கும். காற்றுக்கும் கடலைக்கும் ஒரே பெயர் ஏன் வந்ததென்று சொல்லாராய்ச்சியாளர் ஆராய்க. வாங்குவோருக்கு அதனால் குழப்பம் ஏற்பட்டதில்லை.

தயிரைப் பற்றிச் சொல்லாவிடின் மட்டக்களப்பைப் பற்றிப் பேசியதாகாது. எருமைப்பாலைக் காய்ச்சி மண்சட்டியில் உறையூற்றினால், சட்டியின் நுண்துளைகள் நீரை உறிஞ்சிவிடுகின்றன. தயிர் வெட்டியெடுக்கத்தக்க கட்டியாகின்றது. உலோகப் பாத்திரத்திலோ பிளாஸ்திக்குக் கிண்ணத்திலோ அது வாய்க்காது. சோற்றோடு தயிரும் கனிந்த வாழைப்பழமும் சேர்த்துப் பிசைந்தால் வேறு கறி வேண்டியதில்லை. வாகரைப் பக்கத்துக் காட்டுத்தேன் கிடைத்தால் இன்னும் விசேடம். மட்டக்களப்புக்குப் போனவனைப் பாயோடு ஒட்டவைத்து விடுவார்கள் என்று வெளியூரார் மாந்திரீகக் கதை கட்டியது, இந்தத் தயிரை உண்டு பன்பாயில் நண்பகல் உறங்கியவர்களைக் கண்டுதான் போலும்!

ஆனால் தயிர்ச்சட்டிக்குப் பின்னால் மேய்ச்சற்றரை இருக்கின்றது. பெரும்போகத்தில் வயலெல்லாம் பயிராகும்போது மாடுகளை மயிலத்தமடு, மாதவனைப் பக்கத்து மேய்ச்சல் நிலங்களுக்குக் கொண்டுசெல்வது பண்ணையாளரின் நீண்டகால வழக்கம். அந்நிலங்களில் பிறர் பயிர்செய்யப் புகுந்ததை எதிர்த்து 2023ஆம் ஆண்டு செப்டெம்பரில் பாற்பண்ணையாளர் சித்தாண்டியில் அறப்போராட்டம் தொடங்கினர். மேய்ச்சல் இல்லையேல் பட்டி இல்லை. பட்டி இல்லையேல் சட்டி இல்லை. நகரக் கடையில் சட்டியை வாங்குவோர் இதனை அறிந்திருப்பது நலம்.

ஐப்பசி, கார்த்திகையில் வாடையோடு மாரி வருகின்றது. குளங்கள் வான்பாயும், வாவி பெருகும். கோடையில் அலைகள் குவித்த மணல் முகத்துவாரத்தை அடைத்திருப்பதால், பெருகிய நீர் படுவான்கரைத் தாழ்நில வயல்களில் ஏறி நிற்கும். முகத்துவாரத்தை உடனே வெட்டவேண்டும் என்பார் கமக்காரர். அவசரப்பட்டு வெட்டினால் நீரோடு மீனும் கடலுக்குப் போகும் என்பார் மீனவர். இருவர் கூற்றும் உண்மையே. வெட்டியபின் கடலிலே பிறந்த இறாற்குஞ்சுகள் உள்ளே வந்து வாவியில் வளர்ந்து, முட்டையிடும் பருவத்தில் மீண்டும் கடலை நாடுகின்றன. ஆதலால் வாயில் அடைபட்டே கிடந்தாலும் இறால் இல்லை. வயலும் உடையவர், இறாலிலும் ஆசையுடையவர் ஆகிய தபாலதிபர் இவ்விவாதத்தில் எந்தப் பக்கமும் சேர்வதில்லை. மழை விட்டதும் முருங்கைக்காயோடு இறாலும், முருங்கையிலையோடு நண்டும், தொட்டுக்கொள்ளப் புளியாணமும் அவர் வீட்டில் உண்டு. நண்டும் இறாலும் கொண்டுவருபவர் காத்தான்குடி வியாபாரி. பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று தமிழர், முஸ்லிம்களின் உறவைச் சொல்வது இங்குள்ள வழக்கு. 1990ஆம் ஆண்டின் கொடுமைகளின்போது அந்த மனிதரின் தந்தையும் சில காலம் வரவில்லை. தபாலதிபர் வீட்டாரும் ஊரில் இருக்கவில்லை. இருவரும் திரும்பிய பின்னர் அதைப் பற்றி வாசலில் பேச்சில்லை. நிறுவையில் ஒரு பிடி இறால் கூடுதலாக விழுந்தது; அவ்வளவே. 2004 டிசெம்பர் 26இல் கடல் வந்து உயிர்களைக் கொண்டுபோன பிறகு, பல மாதங்கள் ஒருவருக்கும் மீன் உண்ண மனம் வரவில்லை. அக்காலத்தில் அவர் வெறும் கையோடு வந்து திண்ணையில் இருந்துவிட்டுப் போவார்.

தபாலதிபரின் ஒரே மகள் இங்கிலாந்தில் வாழ்கின்றாள். ஒரு கோடையில் பெற்றோரை அழைத்தாள். அங்கே கடையில் இறாலும் முருங்கைக்காயும் ஆண்டு முழுவதும் உறைந்த நிலையிலே கிடைத்தன. தபாலதிபருக்கு அது வியப்பாக இருந்ததேயன்றி விருப்பாக இல்லை. அவருக்கு விருப்பமாயிருந்தவர் அயல்வீட்டு ஆங்கிலக் கிழவர். ஓய்வு பெற்ற அம்மனிதர் சிறு துண்டு நிலத்தில் தோட்டம் செய்துவந்தார். நம்நாட்டுத் தண்ணீர்விட்டானுக்கு இனமான அஸ்பராகஸ் குருத்தை ஏப்பிரில் இறுதி முதல் யூன் நடுப்பகுதி வரையே உண்பார். ஸ்ரோபெரிப் பழத்தை யூனில் உண்பார். மார்கழியில் கடையில் அடுக்கியிருந்தாலும் தொடமாட்டார். மொழி அரைகுறையாகவே விளங்கியபோதிலும், அம்மனிதரைத் தமக்கு நன்றாக விளங்கியதென்று தபாலதிபர் ஊரில் சொல்லிக்கொள்வதுண்டு.

மகள் கேட்பது நியாயமானதே. தாய்க்குச் சர்க்கரை வியாதி. சோற்றைக் குறைக்கும்படி வைத்தியர் சொல்லியிருக்கின்றார். தந்தைக்கு முழங்கால் வலி. வயலை விற்றுவிட்டுத் தன்னோடு வந்திருக்கலாமே என்பது அவள் வேண்டுகோள். காணி இறுதியில் அவளுக்கே உரியதாகையால் அவள் சொல்லுக்கு மதிப்பும் உண்டு. வாங்குவதற்கு ஆளும் இருக்கின்றது. தபாலதிபர் இதுவரை விடை கூறவில்லை. காணி தம்முடையதன்று என்று வழக்கத்தின் பின்னால் ஒளிந்துகொண்டார். அம்மையார்தாம் தொலைபேசியில் பேசினார். “மகள், இது உனக்கு வரவேண்டிய காணி. விற்கச் சொல்ல உனக்கு உரிமை இருக்குது. ஆனால் நீ அந்த வரம்பில் நடந்து இருபது வருசமாகுது. மாசியில் ஒருதரம் வந்து புதிர் சாப்பிட்டுப்போட்டுச் சொல்லு. அதுக்குப் பிறகு திறப்பைத் தாறன்.”

மகள் விமானச் சீட்டுப் பதிவுசெய்துவிட்டதாகச் செய்தி வந்திருக்கின்றது. தபாலதிபர் அன்றே படுவான்கரைக்குச் சென்று, மாசி நடுவில் நான்கு சட்டி தயிர் வேண்டுமென்று பட்டிக்காரரிடம் சொல்லி வைத்தார். மாடுகள் அதற்குள் மேய்ச்சலிலிருந்து திரும்பினால் தருவதாக அவர் கூறியிருக்கின்றார்.