மருந்து உண்டு, சொல்வார் இல்லை
(விழா அரங்கில் ஆற்றிய உரை)



ஔடத தானம் என்றதும் மருந்து வாங்கிக் கொடுப்பதே நினைவுக்கு வரும். கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளிலும் திருவள்ளூர்ச் செங்கற்சூளைகளிலும் உழைக்கும் வடமாநிலத்தவருக்குத் தேவைப்படுவது வேறு.

ஓரறையில் பலர் உறங்குமிடத்தில் காசநோய் எளிதிற் பரவும். ஆறு மாத மருந்தை அரசு மருத்துவமனை இலவசமாகவே தருகிறது. சத்துணவுக்கென 2024 நவம்பர் முதல் மாதந்தோறும் 1,000 ரூபாயும் உண்டு. ஆயினும் இரண்டாம் மாதம் இருமல் தணிந்ததும் சிலர் மாத்திரையை நிறுத்துகின்றனர். சிலர் ஊருக்கு ரயிலேறி விடுகின்றனர். எஞ்சிய கிருமி மருந்துக்கு அடங்காததாகிவிடக்கூடும். நிக்‌ஷய் பதிவெண்ணைக் காட்டி ஒடிசாவிலும் பீகாரிலும் சிகிச்சையைத் தொடரலாம் என்பதை அவர்கள்தம் மொழியில் எடுத்துரைப்பார் அரியர்.

அவ்வாலைகளில் பணியாற்றும் நம் இளைஞர்கள் இதனைச் சொல்லுங்கள். தொழில் நடத்துவோர், மருத்துவமனைக்குச் செல்லும் நாளில் கூலியைப் பிடிக்காதிருங்கள். அந்த ஒருநாட் கூலிக்கு அஞ்சியே பலர் இருமலை மறைக்கின்றனர்.